வெள்ளிக்கிழமைப் பேர்

என் மகளுக்கு ஐந்து வயது முடியும்வரை பேர் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் பேர் என்று போட்ட கட்டம் காலியாக இருந்தது. தடுப்பூசி அட்டையில் 'பெண் குழந்தை' என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் பாப்பா. பேர் வைக்கத் தெரியாத குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தலைவர் வந்து வைப்பார் என்று காத்திருந்தோம்.

தலைவர் என்றால் சினிமா நடிகர். ஒரு காலத்தில் மதுரையில் அவருக்கு நாற்பது அடி கட்டவுட் நிற்கும். நான் விளாங்குடி ரசிகர் மன்றத்தின் செயலாளர் ஆனபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது. அவருடைய கடைசிப் படத்துக்கு வந்த கூட்டத்தைவிட, அந்தப் படத்துக்கு நாங்கள் நடத்திய வெற்றி விழாவுக்கு வந்த கூட்டம் அதிகம். விழாவில் கேசரி போட்டோம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எப்படிச் செயலாளர் ஆனான் என்று கேட்கலாம். நான் கேபிள் டிவியில் லைன் பார்க்கிற வேலையில் இருந்தேன். மன்றத்தில் சொந்தமாக ஏணி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். தோரணம் கட்ட, கட்டவுட்டுக்கு மாலை போட ஏணி வேண்டும். ஏணியை இரவல் கேட்பதைவிட ஏணிக்காரனுக்குப் பதவி கொடுத்துவிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். எனக்கு உயரம் என்றால் பயம். கம்பத்தில் ஏறும்போதெல்லாம் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே ஏறுவேன். இதை மன்றத்தில் சொன்னதில்லை.

மன்றத்துக்குப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவோம். மாவட்டத் தலைவர் என்பதைச் சுருக்கி அவரே அப்படி வைத்துக்கொண்டார். சௌராஷ்டிரக் குடும்பம், சுங்குடிச் சேலை வியாபாரம். எங்கள் எதிரிலேயே அவர் மனைவி அவரைத் தங்கள் மொழியில் திட்டுவார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது, அதனால் அவருடைய கௌரவத்துக்குக் குறைவு வந்ததில்லை. அவருடைய மகளுக்குத் தலைவர்தான் பேர் வைத்தார். அந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். தலைவர் குழந்தையின் நெற்றியில் கை வைத்தாராம், கண்ணை மூடினாராம், அரை மணி நேரம் யாரும் மூச்சு விடவில்லையாம், பிறகு அந்தப் பேர் வந்ததாம்.

எனக்கு மகள் பிறந்த அன்று மிட்டாய் கொடுக்க மன்றத்துக்குப் போனேன். மைக் செட் ஓடிக்கொண்டிருந்தது. மாவட்டம் மைக்கைப் பிடித்து, "நம்ம செயலாளர் மாப்ள ஒரு சபதம் எடுத்திருக்காரு. தலைவர் வாயால பேரு வர்ற வரைக்கும் பிள்ளைக்குப் பேரே கிடையாது!" என்று அறிவித்துவிட்டார். நான் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை தட்டிவிட்டார்கள். கை தட்டிய பிறகு மறுப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மனைவிக்கு எழுமலை ஊர், வார்த்தையை வளர்க்க மாட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தாளு எப்ப வருவாரு?"

"வருவாரு."

"வரலைன்னா?"

வரவில்லையென்றால் நாமே போய்விடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் போனேன். முதல் தடவை தலைவர் தூங்குகிறார் என்றார் வாட்ச்மேன். இரண்டாவது தடவை தலைவர் மாடியில் நின்று கை காட்டினார். கை காட்டியதில் பேர் எதுவும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலைவர் டிவிக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. வாரம் ஒரு நாள், இரவு எட்டு மணிக்குத் தொடர். அதில் அவர் ரகசிய உளவாளி. நாட்டைக் காப்பாற்றுவார், நடுநடுவே காமெடியும் செய்வார். சினிமாவை விட்டு டிவிக்கு வருவது இறங்குமுகம் என்று மன்றத்தில் யாரும் சொல்லவில்லை. "வீட்டுக்கு வீடு வாராரு தலைவர்" என்று சுவரில் எழுதினோம். நாற்பது அடியில் நின்ற மனிதர் இருபத்தோரு இஞ்சுக்குள் எப்படி அடங்குவார் என்று நான் மட்டும் கவலைப்பட்டேன்.

படம் ரிலீஸ் ஆனால் முதல் நாள் கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வது வழக்கம். டிவிக்கு எதைச் செய்வது என்று மூன்று நாள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். டிவிக்கே செய்துவிடலாம் என்றார் மாவட்டம்.

"அண்ணே, கரண்டுண்ணே. ஷாக் அடிச்சிரும்."

"நீ எதுக்கெடுத்தாலும் பயந்து சாகுற மாப்ள. பாலித்தீன் கவரப் போட்டு மூடிட்டு ஊத்துவோம்."

அப்படியே செய்தோம். கேபிள் ஆபீஸ் டிவியை வாசலுக்குக் கொண்டுவந்து, மழைக்கு மூட்டையை மூடுகிற மாதிரி பாலித்தீனால் மூடி, குடத்துப் பாலையும் ஊற்ற வேண்டாம் என்று நான் காலைப் பிடித்துக் கெஞ்சியதால் ஒரு ஸ்பூன் பால் ஊற்றினார் மாவட்டம். அதற்கே நான் ஸ்டெபிலைசர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிடுங்கத் தயாராக நின்றேன். கற்பூரம் காட்டும்போது பாலித்தீன் ஒரு மூலையில் பொசுங்கியது. அந்தப் புகையோடுதான் தலைவர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். விசில் அடித்தோம். முதல் காட்சி முடியும்முன் ஊறுகாய் விளம்பரம் வந்தது. விளம்பரத்துக்கு விசில் அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேர் அடித்துவிட்டார்கள்.

தொடரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவருக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. உளவாளி சுவர் ஏறிக் குதிப்பார். ஏறுகிறவர் ஒல்லி, குதித்து எழுந்து நிற்கிறவர் தலைவர். சுவருக்கு அந்தப் பக்கம் போவதற்குள் இருபது கிலோ கூடிவிடும். மாறுவேடத்தில் பூக்காரராக வருவார், இளநீர் விற்பவராக வருவார், ஆனால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். எதிரிகள் அவரை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார்கள். எதிரி நாட்டின் தலைமையகம் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் 'மணமக்கள் அறை' என்று எழுதியிருந்ததை அவர்களும் மறைக்கவில்லை, நாங்களும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

என் பாடுதான் திண்டாட்டம். தலைவர் ஓட ஆரம்பித்தால் கேமராவும் கூடவே ஓடும், திரை குலுங்கும். உடனே வீடுகளிலிருந்து போன் வரும். "தம்பி, படம் ஆடுது, லைனைப் பாரு." எட்டரை மணிக்கு டார்ச்சைக் கடித்துக்கொண்டு கம்பத்தில் ஏறுவேன். லைன் நன்றாக இருக்கும். இறங்கி வந்து பார்த்தால் தலைவர் நின்றுவிட்டிருப்பார், படமும் நின்றிருக்கும். "இப்பச் சரியாயிருச்சு தம்பி" என்பார்கள். மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் ஏறினேன். ஏறாமல் விட்டு, உண்மையிலேயே லைன் போயிருந்தால்?

இந்த நேரத்தில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற ஜூன் மாதம் வந்தது. பேர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிவரை. விட்டால் அடுத்த வருடம்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். ஒரு வருடம் போகட்டும் என்று வீட்டில் நிறுத்தினார்கள், அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மாவட்டம் சைக்கிளில் பறந்து வந்தார். "மாப்ள! வெள்ளிக்கிழமை தலைவர் மதுரை வாராரு! தெப்பக்குளத்துல சூட்டிங்!"

தெய்வமே நாளைப் பார்த்து அனுப்பியது என்று நினைத்தேன். மனைவி அப்படி நினைக்கவில்லை.

"பதினோரு மணி வரைக்கும் நிப்பேன். அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருவேன்."

"பேரு இல்லாம என்னன்னு சேப்ப?"

"அது என் பாடு."

வண்டியூர் தெப்பக்குளத்தைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் தை மாதம் தெப்பத் திருவிழாவுக்குத்தான் தண்ணீர் நிரப்புவார்கள். மற்ற மாதங்களில் குளத்துக்குள் கிரிக்கெட் நடக்கும், நடு மண்டபத்துக்கு நடந்தே போகலாம். தொடரின் கதையை எழுதியவர்கள் மெட்ராசில் ஏதோ காலண்டரில் தெப்பத் திருவிழாப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். நடு மண்டபத்தில் வெடிகுண்டு, உளவாளி படகில் வந்து அதை எடுக்கிறார். படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். தண்ணீரை ஏற்றிக்கொண்டு வரவில்லை.

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, படகை லாரி டயர்கள் மேல் வைக்கச் சொன்னார். தலைவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து உட்கார்ந்து படகை ஆட்டினால் போதும், ஒருவர் மக்கில் தண்ணீர் தெளிக்கட்டும் என்றார். "எங்க பசங்க இருக்காங்க சார்!" என்றார் மாவட்டம். நாங்கள் எட்டுப் பேர். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். எனக்குக் கிடைத்தது முன்பக்கம் இடது மூலை, தலைவரின் முழங்கைக்கு நேர் கீழே.

ஐந்து வருடமாகத் தேடிய மனிதர் ஒரு முழ தூரத்தில் இருந்தார். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் துப்பாக்கி. ஜூன் வெயில் மண்டையைப் பிளந்தது. குளத்தின் சுற்றுச்சுவர் ஓரத்தில் மனைவி பாப்பாவோடு நின்றிருந்தாள். நான் பேர் கேட்க வார்த்தைகளை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். 'தலைவரே' என்பதா, 'அண்ணே' என்பதா, 'சார்' என்பதா? பதற்றத்தில் கை தானாக வேகம் பிடித்துவிட்டது.

"டேய், இந்தப் பக்கம் யார்ரா அது? பேய் மாதிரி ஆட்டுறான். தலை சுத்துது!"

தலைவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். தண்ணீரே இல்லாத குளத்தில் அவருக்குப் படகுப் பயணத்து மயக்கம் வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். குடை பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள், மாவட்டம் மட்டும் படகை விட்டு நகரவில்லை. இதை விட்டால் வேறு வேளை வராது என்று நினைத்து எழுந்தேன்.

"தலைவரே, பொம்பளப் பிள்ள... அஞ்சு வருசமா உங்களுக்காகத்தான்... ஒரு பேரு..."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிப் பின்பக்கமாகக் காட்டினார். அங்கேயிருந்து உதவியாளர் வந்தார், வயதான மனிதர், அக்குளில் ஒரு டைரி.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளிங்க."

டைரியைப் புரட்டினார். ஒரு பேரைச் சத்தமாகச் சொன்னார், ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். "சார் வச்சாருன்னு சொல்லிக்க. போய் உன் இடத்துல குனி."

"கிழமைக்கு ஒரு பேருங்களா?"

"பின்ன? ஒவ்வொருத்தனுக்கும் யோசிச்சா சார் எப்பய்யா நடிக்கிறது? ஆணுக்கு ஏழு, பொண்ணுக்கு ஏழு. ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, அதுக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு ஒண்ணு."

அந்த வெள்ளிக்கிழமைப் பேர் மாவட்டத்தின் மகளுடைய பேர். நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடி, அரை மணி நேரம் யோசித்து வந்த அதே பேர். படகுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மாவட்டத்துக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இன்னும் ஆட்டச் சொல்லாத படகை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சுவர்ப் பக்கம் பார்த்தேன். மனைவி இல்லை. மணி பதினொன்று தாண்டியிருந்தது.

"டேக்!" என்றார் டைரக்டர். எல்லோரும் ஓடி வந்து குனிந்தோம். கேமரா ஓடியது, மக்கிலிருந்து தண்ணீர் தெறித்தது, தலைவர் துப்பாக்கியை நீட்டி, கடலைப் பார்க்கிற மாதிரி குளத்தைப் பார்த்தார். நான் அந்த மூலையை விட்டால் படகு சாயும். விடாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் போகும். பக்கத்தில் குனிந்திருந்தவனிடம், "மாப்ள, என் மூலையையும் சேத்துப் பிடிச்சுக்க, வாரேன்" என்றேன். எழுந்தால் கேமராவில் விழுவேன் என்பதால் காய்ந்த குளத்தின் தரையில் இருபதடி தூரம் முழங்காலாலும் கையாலும் ஊர்ந்து போனேன். அந்தத் தொடரில் டூப் இல்லாமல் ஊர்ந்தவன் நான் ஒருவன்தான். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

டவுன் பஸ் பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்ட், அங்கே இறங்கி இன்னொரு பஸ். ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் பழுதாகிவிடும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெரிய டீச்சர் மேசைக்கு எதிரே பெஞ்சில் மனைவி, மடியில் பாப்பா. டீச்சர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். நான் முட்டி கிழிந்த பேண்ட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் துண்டுச் சீட்டு இருந்தது.

டீச்சர் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். "உன் பேர் என்னம்மா?"

 பாப்பா என்று சொல்லும், டீச்சர் சிரிப்பார், நான் சீட்டை எடுத்து நீட்ட வேண்டியதுதான் என்று கையைப் பைக்குள் விட்டேன்.

பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, ஒரு பேரைச் சொன்னது. இனிஷியலோடு சொன்னது. ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துச் சொல்கிற மாதிரி இல்லை. காலம் காலமாகத் தன் பேரைச் சொல்லிவருகிற ஆள் சொல்கிற மாதிரி இருந்தது.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பிறந்த பதினாறாம் நாளே பேர் வைத்துவிட்டாளாம். பால்வாடி நோட்டில் அந்தப் பேர்தான், மளிகைக் கடையில் அந்தப் பேர்தான், எங்கள் தெரு முழுக்க அந்தப் பேர்தான். தெருவில் அத்தனை வீட்டுக்கும் லைன் இழுத்தவன் நான், அத்தனை வீட்டுக்குள்ளும் போய்வருகிறவன். நான் வருகிற சைக்கிள் சத்தம் கேட்டால் எல்லோரும் 'பாப்பா'வுக்கு மாறிவிடுவார்களாம். மகளும் மாறிக்கொள்வாளாம். "அப்பாட்டச் சொல்லாத, அப்பா பயப்படும்" என்று மட்டும் மனைவி அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாளாம்.

"அப்பாதானே நீங்க?" என்றார் டீச்சர். "இந்தப் பேரே எழுதிடவா?"

கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். "எழுதுங்க டீச்சர்."

பேனா ஓடி முடிகிறவரை நின்று பார்த்தேன்.

அந்தப் படகுக் காட்சி ஆறு வாரம் கழித்து வந்தது. அதைப் பார்ப்பதற்கென்று மாவட்டம் மன்றத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். திரையில் தலைவர் துப்பாக்கியை நீட்டினார். தண்ணீர் தெறித்தது. திடீரென்று படகின் ஒரு மூலை கீழே போனது, தலைவர் துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைக் கட்டிப் பிடித்தார், முகத்தில் அப்பட்டமான உயிர்ப்பயம். மொத்தத் தொடரிலும் அவர் நன்றாகச் செய்த காட்சி அது ஒன்றுதான். அதை வெட்டாமல் வைத்திருந்தார்கள். நான் விட்டுப்போன மூலை அது என்பது எனக்குத் தெரியும். போன் அடித்தது. படம் ஆடுதாம்.

விளம்பரம் வந்ததும் மாவட்டம் பிள்ளையை முன்னால் இழுத்து நிறுத்தினார். தலைவர் என்ன பேர் வைத்தார் என்று ஆட்கள் வழியெல்லாம் கேட்டிருக்கிறார்கள், அவரால் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. "தலைவர் வச்ச பேரு என்னன்னு எல்லாருக்கும் சொல்லு தாயி."

அவள் தன் பேரைச் சொன்னாள். மாவட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் மகள் பேர் இல்லை.

"கேட்டீங்களா! நான் பக்கத்துலயே இருந்தேன். தலைவர் கண்ண மூடுனாரு, எம்புட்டு நேரம் யோசிச்சாரு தெரியுமா? எம்புட்டுப் பொருத்தமான பேரு!"

கை தட்டினார்கள். நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து டீ தட்டோடு வந்த மனைவி நின்றாள். "அண்ணே, அது உங்க தலைவர் வச்சதில்ல. நான் வச்சது. அஞ்சு வருசமாச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாவட்டமும் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. டைரியைப் பற்றிச் சொல்லிவிடாதே என்ற கெஞ்சல். டைரியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் கை தட்டி முடித்த பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"ஆமாண்ணே. இவ வச்சதுதான். தலைவர் வைக்கல."

மாவட்டம் டீயைக் குடிக்காமல் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள், இரண்டு பேர் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். தொடர் பாதியில் நின்றது. குண்டு வெடித்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் மன்றத்துச் சுவரைப் பார்த்தேன். செயலாளர் என்ற எழுத்துக்குக் கீழே என் பேர் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவசரத்தில் ஒரே பூச்சு. ஏணி இல்லாததால் மேல் பாதிக்கு எட்டவில்லை. கீழ்ப் பாதி மறைந்து, மேல் பாதி தெரிந்துகொண்டிருந்தது. மழை வந்தால் முழுசாகத் தெரிந்துவிடுமே, திரும்ப வந்து ஏணி கேட்பார்களே, கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்று அந்த வாரம் முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.